விதைக்காமல் முளைத்தவை

பாத்திரம் துலக்கிய நீர் ஓடும் வாய்க்காலோரத்திலும், காய்கறித் தோல் மக்கிய எருக்குழியின் விளிம்பிலும், மழை ஓய்ந்த சில தினங்களில் எவரும் விதைக்காமலே தக்காளியும் சுரையும் கீரையும் முளைத்து நிற்பது கொல்லையுள்ள வீடுகளில் சகஜமான காட்சி. இவற்றைக் களையென்று எறிவதா, செடியென்று பேணுவதா என்பதற்கு விடை, அவற்றின் தாய்ப்பூ கருவுற்ற விதத்தில்தான் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது.

தக்காளிப் பூவில் மகரந்தப் பைகள் ஒன்றாய்க் கூடிச் சூல்தண்டைச் சூழ்ந்து நிற்பதால், மகரந்தம் பெரும்பாலும் அதே பூவின் சூல்முடியில் விழுகிறது. ஆதலால் நாட்டுத் தக்காளியின் விதை தாயின் குணத்தோடேயே வளரும். கடையில் வாங்கிய பழம் வீரிய ஒட்டு ரகமாயிருந்தாலோ, கிரிகோர் மெண்டல் பட்டாணிச் செடிகளை ஆராய்ந்து 1866-ல் வெளியிட்டபடி, மறைந்திருந்த குணங்கள் அடுத்த தலைமுறையில் பிரிந்து வெளிப்பட, ஒரு செடி பெரிதாகவும் மற்றொன்று சிறிதாகவும் காய்க்கும். உண்பதற்கு இதனால் யாதொரு பாதகமும் இல்லை. நான்கைந்து இலை விட்ட கன்றை மாலையில் மண்ணோடு பெயர்த்து, சற்று ஆழமாக நட்டால், புதைந்த தண்டிலிருந்தும் வேர் இறங்கும். இலை சுருண்டு குறுகிய கன்றை மட்டும் தயங்காமல் பிடுங்கிவிட வேண்டும். வெள்ளை ஈக்கள் அந்த நோயை அடுத்த செடிக்குக் கொண்டு சேர்க்கும்.

கீரையைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. நெருக்கமானவற்றை வேரோடு பறித்துக் கடைந்துவிடலாம். எஞ்சியவை தண்டு திரளும்.

சுரையின் விஷயம் அவ்வளவு எளிதன்று. அதில் ஆண்பூ வேறு, பிஞ்சைத் தாங்கிய பெண்பூ வேறு. அந்தியில் மலரும் அந்த வெண்பூக்களிடையே பூச்சிகளே மகரந்தத்தைச் சுமப்பதால், வேலியோரத்துப் பேய்ச்சுரையின் மகரந்தமும் வந்து கலக்கக்கூடும். அவ்விதம் பிறந்த விதையின் கொடி, பார்வைக்கு நல்ல சுரையாகவே காய்த்தாலும், காயில் குக்குர்பிடாசின் என்னும் கசப்பு நஞ்சைத் தேக்கியிருக்கலாம். சமைத்தாலும் அது அழிவதில்லை. கசக்கும் சுரைச்சாற்றை அருந்தலாகாதென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிபுணர் குழுவும் எச்சரித்திருக்கிறது.

ஆகவே, வேர் அறுபட்டால் வாடிவிடும் சுபாவமுள்ள இக்கொடியை முளைத்த இடத்திலேயே பந்தலேற்றிவிட்டு, காய்க்கத் தொடங்கியபின் ஒவ்வொரு காயிலும் ஒரு சிறு துணுக்கை நாவில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட வேண்டும். கசந்தால் அந்தக் காயை மட்டும் எறிவது போதாது. கொடியையே வேரோடு களைய வேண்டும், இல்லாவிடில் அதன் மகரந்தம் பக்கத்துப் பந்தலின் விதைக்கும் அக்கசப்பைக் கொண்டு சேர்க்கும்.