ஏரி வாரியத் தேர்தல் கல்வெட்டு
உத்திரமேரூர், காஞ்சிபுரம் மாவட்டம்
முதலாம் பராந்தக சோழன் காலம், பொ.ஆ. 919, 921

வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் உள்ள இக்கல்வெட்டுகள், ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கூறுகின்றன. அவற்றுள் ஒன்று ஏரி வாரியம். கரையையும் மதகையும் பேணுவதும் தூர் அகற்றுவதும் இதன் பொறுப்பு. ஊரின் பெரிய ஏரி, பல்லவர் காலத்து வைரமேகத் தடாகம்.

ஊர் குடும்பு எனப்பட்ட 30 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டனர். சபையோர் முன்னிலையில் ஒரு சிறுவன் ஓர் ஓலையை எடுத்தான். இவ்வாறு தேர்வான 30 பேரில் 12 பேர் ஆண்டு வாரியத்திலும், 12 பேர் தோட்ட வாரியத்திலும், 6 பேர் ஏரி வாரியத்திலும் 360 நாள் பணியாற்றினர்.

921-ஆம் ஆண்டு விதிப்படி, உறுப்பினர் 35 முதல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும். வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதி இழந்தனர். உத்திரமேரூர் பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட பிரமதேய ஊர். பெண்களுக்கும் நிலமற்றோருக்கும் வாரியங்களில் இடமில்லை.