இசை பழகும் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் துணை

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தவுடன் பிள்ளைகள் முதலில் தேடுவது கேம்ஸ்களைத்தான். அதே கம்ப்யூட்டர் வயலினோ மிருதங்கமோ கீபோர்டோ கற்கும் பிள்ளைக்கு நல்ல பயிற்சித் துணையாகவும் இருக்கும். முதலில், இசைக் கருவி கற்பதால் என்ன பயன் என்று பார்ப்போம்.

மார்க் கூடுமா?

பெற்றோர் பலரும் கேட்கும் கேள்வி இது. கனடாவின் டொராண்டோ நகரில் 6 வயதுப் பிள்ளைகள் 144 பேரை வைத்து ஷெல்லன்பெர்க் என்னும் உளவியல் பேராசிரியர் நடத்திய ஓர் ஆய்வு 2004-ல் வெளியானது. சிலருக்குக் கீபோர்டு, சிலருக்குப் பாட்டு, சிலருக்கு நாடகம் என 36 வாரம் வகுப்புகள் நடந்தன. இன்னொரு குழுவுக்கு வகுப்பே இல்லை. முடிவில் இசை கற்றவர்களின் ஐ.க்யூ. சராசரியாக 7 புள்ளிகளும், மற்றவர்களுடையது 4.3 புள்ளிகளும் உயர்ந்திருந்தன. வித்தியாசம் மூன்று புள்ளிகளுக்கும் குறைவு. பிறரோடு பழகுவதில் முன்னேறியவர்களோ நாடகம் கற்ற பிள்ளைகள். 2013-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தினர் 4 வதுக் குழந்தைகளிடம் செய்த ஆய்வில் அறிவுத்திறன் கூடியதாக உறுதிப்படவில்லை.

எனவே மார்க்கை எதிர்பார்த்து வகுப்பில் சேர்த்து, அது கூடவில்லை என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள். காது கூர்மையாவது, விரல்கள் பழகுவது, வராத ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்து வரவழைக்கும் பொறுமை ஆகியவையே இசையின் நேரடிப் பலன்கள். கொங்குப் பகுதிக் கோயில் விழாக்களில் துடும்பு அடிப்பவர்களைக் கவனியுங்கள். ஒவ்வொருவரும் மற்றவரின் அடியைக் கேட்டுக்கொண்டே அடிக்கிறார்கள். சேர்ந்து வாசிக்கும் பிள்ளைக்கும் இந்தப் பழக்கம் வரும்.

கம்ப்யூட்டரில் என்ன செய்யலாம்?

2000-ல் வெளியாகி இன்றும் இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்னும் புரோகிராமை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடவும். லேப்டாப் என்றால் அதிலுள்ள மைக்கே போதும்.

1. பதிவு செய்தல்: சிவப்பு வட்ட பட்டனைக் கிளிக் செய்து, பிள்ளை வாசிப்பதைப் பதிவு செய்திடவும். தேதியையே பெயராகக் கொடுத்துச் சேமிக்கவும். மூன்று மாதம் கழித்துப் பழைய பைலைப் போட்டுக் காட்டினால், தன் முன்னேற்றம் பிள்ளைக்கே தெரியும்.

2. வேகத்தைக் குறைத்தல்: ஆசிரியரின் அனுமதியுடன் அவர் வாசிப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கடினமான பகுதியை மவுஸால் செலக்ட் செய்து, எஃபெக்ட் மெனுவில் சேஞ்ச் டெம்போ சென்று மைனஸ் 25 எனக் கொடுக்கவும். வேகம் 25 சதவீதம் குறையும், சுருதி மாறாது. சேஞ்ச் ஸ்பீட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் சுருதியும் இறங்கிவிடும், கவனம்.

3. தாளம்: ஜெனரேட் மெனுவில் ரிதம் டிராக் உள்ளது. நிமிடத்துக்கு 60 தட்டு, ஒரு சுற்றுக்கு 8 தட்டு என அமைத்தால் ஆதி தாளத்துக்குப் பொருந்தும். சரளி வரிசையைத் தட்டுக்கு ஒரு ஸ்வரம், பிறகு இரண்டு, பிறகு நான்கு என மூன்று காலத்திலும் வாசிக்கச் சொல்லுங்கள். பதிவும் செய்வதானால் ஹெட்போனில் தாளத்தைக் கேட்பது நல்லது.

கருவிக்கு மாற்றா?

கம்ப்யூட்டர் கீபோர்டின் எழுத்துகளைத் தட்டியே பியானோ வாசிக்கும் புரோகிராம்கள் உண்டு. விளையாட்டாகப் பார்க்கலாம், பழக உதவாது. மெதுவாகத் தட்டினாலும் ஓங்கித் தட்டினாலும் அதில் ஒரே ஒலிதான். விரல் அழுத்தத்தை உணரும் மிடி கீபோர்டை யு.எஸ்.பி.யில் இணைத்தால் அந்தக் குறை தீரும்.

விரல் வைக்கும் முறையையும் உட்காரும் முறையையும் திருத்த ஆசிரியர்தான் வேண்டும். அரசு வழியில் முறையாகப் பயில கோவையில் மாலுமிச்சம்பட்டி அரசு இசைக் கல்லூரியும், ஈரோட்டில் மாவட்ட அரசு இசைப் பள்ளியும் உள்ளன. சேர்க்கைக்கான வயது, பாடங்கள் ஆகியவற்றை நேரில் விசாரித்துக்கொள்ளவும்.

வீட்டில் தினமும் 15 நிமிடப் பயிற்சி போதும். கம்ப்யூட்டரை இயக்குவது உங்கள் வேலையாகவும், வாசிப்பது பிள்ளையின் வேலையாகவும் இருக்கட்டும்.