துளையிட்டது யார்?

மணி கோத்து விற்பது என் பிழைப்பு. பவழமோ பாசியோ, எதைக் கையில் எடுத்தாலும் முதலில் துளையைத்தான் பார்ப்பேன். இங்கிலாந்தின் பெட்ஃபோர்டில், ஆற்றுச் சரளையில் கிடைத்த ஆதி மனிதரின் மணிகளைப் பற்றிப் படித்தபோதும் புத்தி அங்கேதான் போனது.

அவை உண்மையில் கடற்பஞ்சுகள். பேரினம் பொரோஸ்ஃபேரா, அது அழிந்து வெகுகாலமாகிறது. டைனோசார்கள் நிலத்தில் திரிந்த கிரெட்டேசியக் காலத்தில், ஐரோப்பாவில் பரந்திருந்த கடலின் அடியில் வாழ்ந்தது. அந்தக் கடலின் வெண்சேறே பிறகு இறுகிச் சாக்குப் பாறையானது. குளிக்கத் தேய்க்கும் ஸ்பஞ்சின் மென்மை இதற்குக் கிடையாது. சுண்ணாம்பாலான கெட்டிக் கூடு என்பதால் உருக்குலையாமல் கல்லாகிவிட்டது. பட்டாணி முதல் கோலிக்குண்டு வரை பல அளவுகளில் கிடைக்கிறது. மேலெல்லாம் நீர் புகுந்த நுண்துவாரங்கள். சிலவற்றில் மட்டும் நடுவில் பெரிய துளை ஒன்று. வம்பே அதனால்தான்.

வொர்திங்டன் ஸ்மித் என்பவர் ஓவியர், காளான் ஆராய்ச்சியாளர், தொல்பொருள் தேடுபவர் எல்லாமும். கற்கோடரிகள் கிடைத்த அதே சரளையில் இந்த உருண்டைகளை 200க்கும் மேல் சேர்த்தார். சிலவற்றின் துளையை மனிதர் அகலப்படுத்திக் கோத்திருக்கிறார்கள் என்று 1894இல் வெளியான தம் புத்தகத்தில் எழுதினார். 2009இல் ஆய்வாளர்கள் குழு ஒன்று நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, துளையும் தேய்மானமும் இயற்கையாலேயே வரக்கூடியவை என்றது.

என் கட்சியும் அதுதான். நூலில் தொங்கிய மணியில் துளை வாய் ஒருபக்கமாக இழுபட்டுத் தேயும். பக்கத்து மணி உரசிய இடம் தட்டையாகும். வெள்ளத்தில் உருண்ட கல்லோ சுற்றிலும் மழுங்கும். போதாக்குறைக்கு, சரளையில் பொறுக்குகிறவர் கண்ணில் ஓட்டை உள்ளதுதானே முதலில் படும்! அதற்காக யாரும் கோக்கவே இல்லை என்று சாதிக்க மாட்டேன். ஓட்டை விழுந்த சோழியைக் கடற்கரையில் பொறுக்கி நானே கோத்திருக்கிறேன். ஆனால் மனிதன் கோத்தான் என்றால் நூல் அறுத்த தடத்தைக் காட்ட வேண்டும்.

சரி, துளை எப்படி வந்தது? 2008இல் வந்த ஓர் ஆய்வு கடற்புழுவைக் கைகாட்டுகிறது. புழு உருண்டையைக் குடைந்து உள்ளே குடியேறி, போகுமிடமெல்லாம் வீட்டையும் இழுத்துக்கொண்டு திரிந்ததாம். அப்படிப் புரண்டுகொண்டே இருந்ததால்தான் கடற்பஞ்சு எல்லாப் பக்கமும் ஒரே சீராக வளர்ந்து உருண்டையானதோ என்று எனக்கொரு சந்தேகம்.