காற்றில் கலந்திருக்கும் பழைய கரி

ஹவாய்த் தீவில் உள்ள மௌனா லோவா ஒரு எரிமலை. அதன் சரிவில், கடல் மட்டத்துக்குச் சுமார் 3,400 மீட்டர் மேலே, வளிமண்டல ஆய்வகம் ஒன்று இருக்கிறது. சுற்றிலும் கறுத்துப்போன பாறைதான், மரம் மட்டை எதுவும் இல்லை. காற்று மாதிரி எடுக்க வேண்டிய நேரத்தில் ஊழியர் ஒருவர் கண்ணாடிக் குடுவையுடன் எதிர்காற்றில் நடந்துபோய், மூச்சை அடக்கிக்கொண்டு அதன் வாயைத் திறப்பார். வெட்டவெளிக் காற்றில் கரியமில வாயு 0.04 சதவீதம்தான். நாம் வெளிவிடும் மூச்சிலோ ஏறக்குறைய 4 சதவீதம், அதாவது நூறு மடங்கு. ஒரு பெருமூச்சு பட்டாலே அந்த மாதிரி வீண்.

இவ்வளவு கண்டிப்பான பழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் சார்லஸ் டேவிட் கீலிங் என்ற அமெரிக்க வேதியியலாளர். 1958 மார்ச்சில் அவரது கருவி அங்கே காட்டிய அளவு, காற்றின் பத்து லட்சம் பங்கில் 313 பங்கு. 2024-இன் சராசரி 424-ஐத் தாண்டிவிட்டது. 1964-இல் பணம் இல்லாமல் சில மாதங்கள் அளவீடு நின்றுபோனது. 2022 இறுதியில் எரிமலை வெடித்துச் சாலையும் மின்சாரமும் துண்டிக்கப்பட்டன. இவற்றையெல்லாம் கடந்து அந்தக் கணக்கு இன்றும் தொடர்கிறது. கீலிங் 2005-இல் காலமான பிறகு, அவருடைய மகன் ரால்ஃப் கீலிங் அந்தப் பணியை ஏற்று நடத்துகிறார்.

கீலிங் பயன்படுத்திய கருவியின் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் பருவநிலை மாற்றத்தின் அடிப்படையே பிடிபட்டுவிடும். உறிஞ்சிய காற்றை முதலில் கடுங்குளிரில் செலுத்தி, ஈரத்தை உறையவைத்து நீக்குகிறார்கள். பிறகு ஒரு குழாயில் அடைத்து, அதன் வழியே அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சுகிறார்கள். எவ்வளவு கதிர் வழியிலேயே விழுங்கப்படுகிறதோ, அதை வைத்துக் கரியமில வாயுவின் அளவு கணக்கிடப்படுகிறது. வளிமண்டலத்தில் நடப்பதும் இதேதான். வெயிலில் சூடான நிலமும் கடலும் அகச்சிவப்புக் கதிர்களை வானை நோக்கி அனுப்புகின்றன. உலர்ந்த காற்றில் 99.9 சதவீதத்துக்கு மேல் இருக்கும் நைட்ரஜன், ஆக்சிஜன், ஆர்கான் ஆகிய மூன்றும் அந்தக் கதிர்களைத் தடுப்பதில்லை. மிச்சமிருக்கும் துளியளவு கரியமில வாயுவும் மீத்தேனும், அவற்றோடு நீராவியும்தான் அவற்றை உள்வாங்கி, ஒரு பகுதியை மீண்டும் தரைக்கே திருப்புகின்றன. இவை இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 டிகிரிதான் இருக்கும். இப்போது சுமார் 15 டிகிரி. இது நேற்று முளைத்த கருத்தும் அல்ல. கண்ணாடி உருளைகளில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்து, கரியமில வாயுவே அதிகம் சூடாவதை யூனிஸ் ஃபூட் என்ற பெண்மணி 1856-இலேயே காட்டினார். வெப்பக் கதிர்களை வாயுக்கள் உள்வாங்குவதை லண்டனில் ஜான் டிண்டால் 1859-இல் அளந்தார்.

சரி, கூடிக்கொண்டே போகும் இந்த வாயு எங்கிருந்து வருகிறது? "எரிமலை கக்குவதாக ஏன் இருக்கக் கூடாது? அளப்பதே எரிமலை மேல்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்கான பதில் கார்பன் அணுக்களிலேயே இருக்கிறது.

கார்பனில் எடை வேறுபட்ட மூன்று வகைகள் உண்டு: 12, 13, 14. செடிகொடிகள் உணவு தயாரிக்கும்போது இலேசான 12-ஐயே அதிகம் எடுத்துக்கொள்ளும். ஆகவே தாவரத்திலிருந்து உண்டான எதிலும் 13 சற்றுக் குறைவு. கார்பன் 14 கதிரியக்கம் உள்ளது. 5,730 ஆண்டுகளில் பாதியாகிவிடும். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த பொருளில் அது மிச்சமே இருக்காது. இருபதாம் நூற்றாண்டில் வளர்ந்த மரத்தில், முந்தைய நூற்றாண்டு மரத்தைவிடக் கார்பன் 14 குறைந்திருப்பதை ஹான்ஸ் சூயஸ் 1955-இல் கண்டறிந்தார். காற்றில் கார்பன் 13-இன் விகிதமும் ஆண்டுக்கு ஆண்டு சரிந்துவருகிறது. அப்படியென்றால் புதிதாகச் சேரும் கரி தாவரத்திலிருந்து வந்தது. அதுவும் மிக மிகப் பழைய தாவரத்திலிருந்து. நிலக்கரி, பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஆகியவை தவிர இந்த வர்ணனைக்குப் பெரிய அளவில் பொருந்துவது வேறெதுவும் இல்லை. எரிமலை வாயுவில் கார்பன் 13 இந்த அளவுக்குக் குறைந்திருக்காது. போதாக்குறைக்கு, எரிந்தால் ஆக்சிஜன் செலவாக வேண்டுமே. காற்றில் ஆக்சிஜன் மிகச் சிறிய அளவில் ஆனால் விடாமல் குறைந்துவருவதை ரால்ஃப் கீலிங் அளந்து காட்டியிருக்கிறார்.

பூமி சூடாவதற்குச் சூரியன்மீது பழி போடவும் இடமில்லை. சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடாக வேண்டும். உண்மையில் கீழடுக்கு சூடாகிறது. அதற்கு மேலே சுமார் 50 கிலோமீட்டர் வரை பரவியுள்ள அடுக்கோ குளிர்ந்துவருகிறது. கரியமில வாயு கூடினால் இப்படித்தான் நடக்கும் என்று சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் 1967-லேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள்.

அன்டார்க்டிகாவின் ஆழப் பனிக்கட்டிக்குள் அடைபட்ட காற்றுக் குமிழிகள் எட்டு லட்சம் ஆண்டுக் கணக்கைத் தருகின்றன. அவ்வளவு காலத்திலும் கரியமில வாயு 300-ஐத் தாண்டியதே இல்லை. "பருவநிலை எப்போதும் மாறிக்கொண்டுதான் இருந்தது" என்பது உண்மை. ஆனால் அதைச் சொல்லி இன்றைய மாற்றத்தைத் தட்டிக்கழிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. காரணம் யார் என்ற வழக்கு முடிந்துவிட்டது. இனி விவாதிக்க வேண்டியது எவ்வளவு வேகமாகக் குறைக்கப்போகிறோம் என்பதை மட்டுமே.

மௌனா லோவாவின் அளவு இணையத்தில் இலவசமாக வெளியாகிறது. வட அரைக்கோளத்துக் காடுகள் தளிர்த்து வாயுவை உறிஞ்சுவதால் மே மாதத்துக்குப் பிறகு அது இறங்கும். இலையுதிர்ந்தபின் மீண்டும் ஏறும். அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஜூனில் பள்ளி திறந்ததும் அந்த மாதத்து எண்ணை வகுப்பறைச் சுவரில் எழுதிவையுங்கள். மாதாமாதம் மாணவர்களையே அடுத்த எண்ணை எழுதச் சொல்லுங்கள். செப்டம்பர் வரை இறங்கும் எண், ஏப்ரலில் ஜூன் மாதத்தையும் தாண்டி நிற்பதை அவர்களே பார்த்துவிடுவார்கள்.