விலைச்சிட்டையில் இல்லாத விலை

மாவனல்லையில் வசிக்கும் என் ராத்தாவின் கணவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருடைய உம்மாவை மாதத்தில் இரண்டு தடவை பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் கொண்டு போக வேண்டும். முழங்கால் மடங்காது, பஸ்ஸில் ஏற முடியாது. ஒவ்வொரு முறையும் வாடகை வேன்தான். 2025 ஆம் ஆண்டு வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கிய செய்தி வந்ததும், ஓய்வூதியப் பணிக்கொடையில் மிச்சமிருந்ததையும், ராத்தாவின் நகையில் ஒரு பகுதியையும், கட்டாரில் இருக்கும் மகன் அனுப்பியதையும் சேர்த்துச் சிறிய கார் ஒன்று வாங்குவதென வீட்டில் முடிவாயிற்று. வட்டிக்கு லீசிங் எடுப்பதில்லை என்பதில் மச்சான் உறுதியாக இருந்தார். ஆகவே, கையிலுள்ள பணத்திற்குள் கார் அடங்க வேண்டும்.

கொழும்பில் ஒரு விற்பனை நிலையத்தில் விலை கேட்டார். எழுபது இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான தொகையை அச்சிட்ட தாளில் கொடுத்தார்கள். பத்து இலட்சம் முற்பணம் கட்டினார். மூன்று மாதத்தில் கார் வரும் என்றார்கள், ஐந்தாவது மாதத்தில்தான் அழைப்பு வந்தது. மகிழ்ச்சியோடு போனவருக்கு மேசையில் இன்னொரு தாள் காத்திருந்தது. இது கையால் எழுதியது. உடன் விநியோகக் கட்டணம் 350,000 ரூபா. சீட் கவர், கண்ணாடிக்குக் கறுப்பு ஒட்டுதல், அடிப்பாகப் பூச்சு 185,000 ரூபா. ஆவணச் செலவு 45,000 ரூபா. எல்லாமாக 580,000 ரூபா. எதிரே இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினாராம். "விருப்பமில்லாவிட்டால் பரவாயில்லை சேர். இந்தக் காருக்கு இன்னும் ஆறு பேர் நிற்கிறார்கள்."

அன்றிரவு மச்சான் என்னுடன் தொலைபேசியில் பேசினார். "பணம் புரட்டலாம், கஷ்டப்பட்டால் முடியும். ஆனால் இந்த மூன்றரை இலட்சம் எதற்கு? இதைக் கொடுத்தால் நான் விலை கொடுத்தவனா, லஞ்சம் கொடுத்தவனா?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைத் தேடிப் போனதன் விளைவு.

தட்டுப்பாடு எங்கிருந்து வந்தது?

2020 மார்ச்சில் கொரோனாவோடு அந்நியச் செலாவணி நெருக்கடியும் சேர்ந்தபோது அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022 இல் நாடு கடனைக் கட்ட முடியாத நிலைக்கு வந்தது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் வீட்டுப் பாவனைக்கான புதிய கார் எதுவும் துறைமுகத்தில் இறங்கவில்லை எனலாம். இருந்த கார்களே கைமாறின. வாங்கிய விலையைவிட இரட்டிப்பு விலைக்குப் பழைய காரை விற்றவர்கள் நம் ஊர்களிலும் உண்டு. கார் என்பது ஓடும் பொருளாக அன்றி, தங்கம்போல் வைத்திருக்கும் பொருளாக மாறிய காலம் அது.

2025 பெப்ரவரி 1 முதல் தனியார் வாகன இறக்குமதிக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் வரி கனத்தது. 20 சதவீதச் சுங்கத் தீர்வை, அதன் மேல் 50 சதவீத மேலதிகத் தீர்வை, எஞ்சின் கொள்ளளவுக்கேற்ற உற்பத்தி வரி, குறிப்பிட்ட பெறுமதியைத் தாண்டினால் சொகுசு வரி, இவற்றின் மேல் 18 சதவீத வற் வரி. பல கார்களுக்கு வரியே காரின் அடக்க விலையைத் தாண்டிப் போயிற்று. ஐந்து வருடம் காத்திருந்த சனம் ஒரே நேரத்தில் கடை வாசலில் நின்றது. இந்த இடத்தில்தான் விலைச்சிட்டையில் இல்லாத கட்டணங்கள் பிறக்கின்றன.

எனக்குப் பழக்கமான ஹாஜியார் ஒருவர் முப்பது வருடத்துக்கு மேலாக வாகன வியாபாரத்தில் இருப்பவர். அவரிடம் போய் மச்சானின் தாளைப் பற்றிச் சொன்னேன். சிரித்துவிட்டு, "தம்பி, முதலில் யாரிடம் வாங்கினார் என்று பாருங்கள்" என்றார். அவர் விளக்கியது இதுதான். நம் நாட்டில் புதிய கார் இரண்டு வழியில் கிடைக்கிறது. ஒன்று, உற்பத்தி நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற முகவர். அவரிடம் அறிவித்த விலை இருக்கும், வரிசையும் இருக்கும். மற்றது, ஜப்பானில் ஏலத்தில் எடுத்து வந்து விற்கும் கார் சேல். அங்கே அறிவித்த விலை என்று ஒன்று இல்லை. முதலாளி சொல்வதுதான் விலை, பேசித்தான் வாங்க வேண்டும். (இப்படி வருபவற்றில் பல ஜப்பான் வீதியில் சில காலம் ஓடியவை. இங்கே பதியப்படவில்லை என்பதற்காக அவற்றையும் புதிய கார் என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.)

"கார் சேல்காரன் எண்பது கேட்டால் அது அவனுடைய விலை. பிடித்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் அடுத்த கடை. ஆனால் எழுபது என்று தாளில் எழுதிக் கொடுத்து, முற்பணமும் வாங்கி, ஐந்து மாதம் காக்க வைத்து, கார் வந்த பிறகு எழுபத்தாறு கேட்பது வேறு கதை. அந்த ஐந்து மாதத்தில் வாங்குபவன் மற்ற கதவையெல்லாம் மூடிவிட்டான். அது விற்பவனுக்குத் தெரியும்" என்றார் ஹாஜியார்.

மூன்றரை இலட்சம் யாருக்குப் போகிறது என்றும் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். சில இடங்களில் முதலாளிக்குப் போகும், சில இடங்களில் முதலாளிக்கே தெரியாமல் மேசையில் இருப்பவருக்குப் போகும், சில வேளைகளில் வரிசையில் முன்னால் இருந்த ஒருவருக்குத் தன் இடத்தை விட்டுக்கொடுத்த கூலியாகப் போகும் என்றார். கார் தேவையே இல்லாதவர்களும் முற்பணம் கட்டி இடம் பிடித்துக்கொண்டு, கார் வரும் வேளையில் அந்த இடத்தை விற்பார்களாம்.

இது நம் நாட்டில் மட்டும் உள்ள நோயல்ல. பாகிஸ்தானில் இதற்கு 'ஓன்' என்றே பெயர். காரை முன்பதிவு செய்துவிட்டு, கையில் கிடைத்ததும் அவசரக்காரர்களிடம் கூடுதல் பணத்துக்குத் தள்ளிவிடும் முதலீட்டாளர் கூட்டம் அங்கே பெருகியதால், தன் பெயரில் பதியாமலே காரை மற்றவருக்கு மாற்றுபவருக்கு 2021 இல் தனி வரி விதித்தார்கள். ஆயிரம் சீ.சீ. வரையான காருக்கு 50,000 பாகிஸ்தான் ரூபா, இரண்டாயிரம் சீ.சீ. வரை ஒரு இலட்சம், அதற்கு மேல் இரண்டு இலட்சம். அமெரிக்காவில் புதிய காரின் கண்ணாடியில் உற்பத்தியாளரின் பரிந்துரை விலையை ஒட்டியாக வேண்டும் என்று 1958 முதல் சட்டம் இருக்கிறது. ஆனால் அந்த விலைக்கே விற்க வேண்டும் என்று அச்சட்டம் சொல்லவில்லை. 2021 இல் கணினிச் சில்லுத் தட்டுப்பாடு வந்தபோது, 'மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட்' என்ற பெயரில் இன்னொரு தாளை அதன் பக்கத்தில் ஒட்டினார்கள். போர்ட், ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனிகளே 2022 ஆரம்பத்தில் தம் முகவர்களை எச்சரிக்கும் அளவுக்கு அது போயிற்று. இத்தகைய மறைவுக் கட்டணங்களைத் தடுக்க அங்குள்ள வர்த்தக ஆணைக்குழு 2023 இறுதியில் கொண்டுவந்த விதியை 2025 ஜனவரியில் நீதிமன்றம் இரத்துச் செய்துவிட்டது.

எமது நாட்டில் பதுக்கலைத் தடுக்க ஓர் ஏற்பாடு 2025 இல் செய்யப்பட்டது. விற்பனைக்காகக் கொண்டுவந்த வாகனம் 90 நாட்களுக்குள் பதியப்படாவிட்டால், அதன் சீ.ஐ.எப். பெறுமதியில் மாதம் 3 சதவீதம் தண்டம். நல்ல ஏற்பாடுதான். ஆனால், கார் களஞ்சியத்தில் தூங்குவதை அது தடுக்குமே தவிர, மேசையில் நீட்டப்படும் கைத்தாளைத் தடுக்காது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

இந்தப் பகுதியை எழுதுமுன் ஃபிக்ஹ் படித்த ஆலிம் ஒருவரிடம் உட்கார்ந்து பேசினேன். நான் எதிர்பார்த்தது ஒரு சொல்லில் ஹராம் என்ற பதிலை. அவர் அப்படிச் சொல்லவில்லை. மதீனாவில் விலை ஏறியபோது, விலையை நிர்ணயித்துத் தருமாறு மக்கள் கேட்டதற்கு நபி (ஸல்) அவர்கள் இணங்கவில்லை என்பதை முதலில் நினைவுபடுத்தினார். தட்டுப்பாட்டில் விலை ஏறுவது தானாக ஒரு குற்றமாகாது. விற்பவர் தன் பொருளுக்கு ஒரு விலை சொல்கிறார், வாங்குபவர் விருப்பத்தோடு ஏற்கிறார் என்றால் வியாபாரம் நிறைவேறிவிடும். இலாபத்துக்கு இத்தனை சதவீதம்தான் என்ற எல்லையும் மார்க்கத்தில் வகுக்கப்படவில்லை. அதேவேளை, சில வியாபாரிகள் மட்டும் ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு மக்களை நெருக்கும்போது ஆட்சியாளர் நியாய விலை நிர்ணயிக்கலாம் என இமாம் இப்னு தைமிய்யா போன்றோர் விளக்கியிருப்பதையும் அவர் சொல்லத் தவறவில்லை.

பிறகு மச்சானின் தாளை வரி வரியாகப் பார்த்தார். வரிசையில் உள்ள இடத்தை விற்பவர், தன் கைக்கு வராத காரை விற்கிறார். தன்னிடம் இல்லாததை விற்க வேண்டாம் என்று ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் சொன்னது இங்கே நேராகப் பொருந்தும். முதலாளிக்குத் தெரியாமல் ஊழியர் வாங்குவது அமானித மோசடி. ஆறு பேர் நிற்கிறார்கள் என்பது உண்மையானால் தகவல். இல்லாத ஆளைக் காட்டி விலையேற்றினால் அது நபியவர்கள் தடுத்த 'நஜ்ஷ்' என்பதன் இனம். சீட் கவரை எடுத்தால்தான் கார் என்பது, வாங்குபவர் கேட்காத பொருளை அவர் தலையில் கட்டுவது.

முற்பணம் பற்றி அவர் சொன்னது எனக்குப் புதிது. வாங்காவிட்டால் முற்பணம் போய்விடும் என்ற நிபந்தனையுடனான வியாபாரம் நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் செல்லாது. ஹன்பலி மத்ஹபில் அதற்கு இடமுண்டு. 1993 இல் புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, காத்திருக்கும் காலத்துக்கு ஓர் எல்லை குறிக்கப்பட்டிருந்தால் அதை அனுமதிக்கலாம் என்று தீர்மானித்தது. மூன்று மாதம் என்று வாயால் சொல்லி ஐந்து மாதமாக்கியவர்கள் எந்த மத்ஹபில் நிற்கிறார்கள் என்று தெரியவில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் பதிந்துள்ள ஒரு சம்பவத்தையும் ஆலிம் சொன்னார். பஸ்ராவில் யூனுஸ் இப்னு உபைத் என்ற பெரியார் துணி வியாபாரம் செய்தார். அவர் கடையில் நானூறு திர்ஹம் பெறுமதியான ஆடைகளும் இருநூறு பெறுமதியானவையும் இருந்தன. அவர் தொழுகைக்குப் போன நேரத்தில் கடையில் நின்ற சகோதரரின் மகன், நானூறுக்குக் கேட்ட நாட்டுப்புற அரபி ஒருவருக்கு இருநூறு பெறுமதியான ஆடையை விற்றுவிட்டார். வழியில் அந்த ஆடையை அடையாளம் கண்ட யூனுஸ், வாங்கியவரை நிறுத்தி விலையை விசாரித்து, திரும்ப வரும்படி அழைத்தார். "எங்கள் ஊரில் இதற்கு ஐந்நூறு கொடுக்க வேண்டும், நான் திருப்தியோடுதான் வாங்கினேன்" என்று அவர் மறுத்தும் விடவில்லை. இருநூறு திர்ஹத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மகனைக் கடிந்துகொண்டார். வாங்கியவர் திருப்திப்பட்டார் என்ற அதே சாட்டைத்தான் இன்றும் கேட்கிறோம்.

வாகன வியாபாரத்தில் நம்மவர் பலர் இருக்கிறார்கள் என்பதால் இதை எழுத எனக்கு உரிமை உண்டென நினைக்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கமும் நாம்தான், இந்தப் பக்கமும் நாம்தான். ஹாஜியாரே ஒத்துக்கொண்டார்: "எனக்கு எழுபத்தாறு வேண்டுமென்றால் முதல் நாளே எழுபத்தாறு என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் ஆள் வரமாட்டான் என்றுதான் எழுபது என்று எழுதுகிறோம்." இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

வாங்கும் குடும்பங்கள் செய்யக்கூடியது அதிகமில்லை என்றாலும் உண்டு. பதிவுச் செலவு உட்பட வீதியில் இறக்கும் வரையான முழுத் தொகையையும் ஒரே தாளில், கம்பனி முத்திரையோடு, முற்பணம் கட்டுமுன்னரே கேட்டு வாங்குங்கள். வரியோ நாணயப் பெறுமதியோ மாறினால் வித்தியாசத்தை யார் சுமப்பது, எந்தத் திகதிக்குள் கார் வராவிட்டால் முற்பணம் முழுமையாகத் திரும்பக் கிடைக்கும் என்ற இரண்டும் அதில் இருக்கட்டும். காசாகக் கொடுக்காமல் கம்பனியின் பெயருக்குக் காசோலை எழுதுங்கள். காப்புறுதியை நாங்கள் சொல்லும் இடத்திலேயே எடுக்க வேண்டும் என்றால், அதே காப்புறுதிக்கு வெளியே என்ன விலை என்று ஒரு தொலைபேசி அழைப்பில் அறியலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் கடமை. அதிகார சபையின் முறைப்பாட்டு இலக்கம் 1977.

மச்சான் கடைசியில் செய்தது இந்தப் பற்றுச்சீட்டுக் காரியம்தான். மறுவாரம் போய், ஐந்து இலட்சத்து எண்பதாயிரத்தையும் தருகிறேன், மூன்று வரிக்கும் கம்பனிப் பற்றுச்சீட்டுத் தாருங்கள் என்றார். சீட் கவருக்குத் தரலாம், ஆவணச் செலவுக்கும் தரலாம், மூன்றரை இலட்சத்துக்கு மட்டும் எழுத முடியாது, அது கையில் தர வேண்டிய காசு என்று பதில் வந்தது. அவருக்குத் தன் கேள்விக்கான விடை கிடைத்துவிட்டது. முற்பணத்தைத் திருப்பிக் கேட்டார்.

ஏழு வாரம் அலைந்த பிறகு பணம் வந்தது. கோவைச் செலவு என்று அதில் 25,000 ரூபா கழித்திருந்தார்கள். அதற்கு மட்டும் பற்றுச்சீட்டு இருந்தது. ராத்தா அதை நகைப் பெட்டியில் வைத்திருக்கிறார். உம்மா இந்த மாதமும் வாடகை வேனில்தான் பேராதனைக்குப் போய் வந்தார்.