தந்தை பெயரால் தீராத மயக்கம்: நக்கீரர் பலரா, ஒருவரா?

ஒரே பெயருடைய புலவர்களைப் பிரித்தறிய ஊர்ப்பெயர், தந்தை பெயர், தொழிற்பெயர் ஆகிய அடைகளைத் துணைக்கொள்வது ஆய்வு வழக்கு. நக்கீரர் வகையில் இவ்வழக்குப் பயன்படவில்லை என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது.

புறநானூற்று 189ஆம் பாடலைப் பாடியவர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். பத்துப்பாட்டுள் 188 அடிகளாலான நெடுநல்வாடைக்கும் 317 அடிகளாலான திருமுருகாற்றுப்படைக்கும் ஆசிரியராக அவரே குறிக்கப்பெறுகிறார். இறையனார் அகப்பொருளுரை தன் வழிமுறை கூறுமிடத்தும் அதே தந்தை, அதே மகன். ஆயின் அவ்வுரையில் மிகுதியாக மேற்கோளாகும் கோவைப் பாடல்களின் தலைவன் நெல்வேலிப் போரில் வென்ற நெடுமாறன். 7ஆம் நூற்றாண்டுப் பாண்டியன். உரை பல தலைமுறை வாய்மொழியாக வந்து முசிறி நீலகண்டனாரை அடைந்தது என அந்நூலே கூறுவதால், மேற்கோள்கள் பின்னவருடையன எனக் கொள்ள இடமுண்டு. எனினும் இன்றுள்ள உரைவடிவம் சங்க நக்கீரருடையதன்று என்பது தெளிவு.

ஆக, பெயரோடு தந்தை பெயரும் சேர்ந்தே பயணம் செய்துள்ளது. மேலும், கணக்காயர் என்பது ஆசிரியரைக் குறிக்கும் தொழிற்பெயர். மதுரையில் கணக்காயர் பலர் இருந்திருக்கக்கூடும். அடையாளமாகத் தோன்றும் சொல் ஒருவரை மட்டுமே சுட்டும் ஆற்றலுடையதன்று. இதனைத் தொகை நூல்களின் அடிக்குறிப்புகளைக் கையாள்வோர் போதிய அளவு கருதுவதில்லை.

பதினோராம் திருமுறையில் நக்கீரதேவ நாயனார் பெயரில் பத்து நூல்கள் உள்ளன. அவற்றுள் கயிலைபாதி காளத்திபாதி அந்தாதி, திருவலஞ்சுழி மும்மணிக்கோவை, திருவெழுகூற்றிருக்கை ஆகியவற்றின் வடிவங்கள் சங்கத் தொகைகளில் காணப்படாதவை. திருக்கண்ணப்பதேவர் திருமறம் நாயனார் வரலாற்றை அடிப்படையாகக் கொண்டது. இவற்றைப் பிற்காலத்தனவாகக் கொள்வதில் பெரிய தடையில்லை. சிக்கல், பத்தனுள் ஒன்றாகத் திருமுருகாற்றுப்படையும் எண்ணப்பெறுவதே. சங்கத் தொகுதி, சைவத் தொகுதி ஆகிய இரண்டிலும் இடம்பெறும் அந்நூலே இரு நக்கீரரையும் ஒருவராக்கிய பாலம் என்பது என் கருத்து. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில், இறைவனோடு வாதிட்ட சங்கப் புலவரே அந்தாதி பாடி உய்கிறார். பாலம் அங்கே கதையாகிவிட்டது. அதனாலேயே முருகாற்றுப்படையின் காலத்தை நக்கீரர் என்னும் பெயரைக் கொண்டு முடிவுசெய்தல் பொருந்தாது. வையாபுரிப்பிள்ளை அதனை நெடுநல்வாடையினின்று பிரித்துப் பிற்காலத்ததாகக் கொண்டார். அம்முடிபை ஏற்பினும் மறுப்பினும், மொழி, யாப்பு, வழிபாட்டுச் செய்திகளைக் கொண்டே வாதிடல் வேண்டும்.

இங்கு மற்றொன்றும் நோக்கத்தக்கது. அத்திருமுறையிலேயே கபிலதேவ நாயனார் மூன்று நூல்களுக்கும், பரணதேவ நாயனார் ஓர் அந்தாதிக்கும் உரியவராகின்றனர். கபிலதேவர் பாடிய மூத்த நாயனார் திருவிரட்டை மணிமாலை பிள்ளையார் மீதானது. அவ்வழிபாடு சங்கப் பாடல்களில் இல்லை. ஒருவர் பெயர் ஒத்திருப்பின் தற்செயல் எனலாம். சங்கத்தில் சேர்த்தெண்ணப்பெறும் கபிலர், பரணர், நக்கீரர் மூவர் பெயரும் ஒரே தொகுதியில், ஒரே வகை அடையோடு அமைவதைத் தற்செயல் எனல் அரிது. சைவப் புலவர்கள் முன்னோர் பெயரை விரும்பிப் பூண்டனரோ, தொகுத்தோர் பெயரை ஏற்றினரோ எனும் வினாவே இங்கு எழுகிறது. இவ்விரண்டில் முன்னது உண்மையாயின் மூவரும் உண்மைப் புலவர்கள். பின்னதாயின் அந்நூல்களின் ஆசிரியர் பெயரை நாம் இழந்துவிட்டோம். இலக்கிய வரலாற்று நூல்கள் 'இரண்டாம் நக்கீரர்' என எண்ணிட்டு அமைவது முன்னதை உறுதியெனக் கொண்டுவிடுகிறது. 'நக்கீரர் பெயரில் வழங்கும் நூல்கள்' எனத் தனித்தனியே குறிப்பதே இப்போதைக்குத் தகும்.