போலீஸ் பழைய பிஸ்டல் விலைக்கு வருமா?
வணிகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் மளிகைக் கடையும் மண்டியும் நடத்தும் நமக்கு, இரவு கடை அடைக்கும் நேரம்தான் கவலையான நேரம். ஜி.பே., போன்பே வந்த பிறகு ரொக்கம் குறைந்திருக்கிறது என்பது உண்மையே. ஆனாலும் வாரக் கடைசி வசூல், பண்டிகைக் கால வியாபாரம் என்று கையில் பணம் புழங்கத்தான் செய்கிறது. ஆகவே “ஒரு கைத்துப்பாக்கி இருந்தால் தைரியம்” என்ற பேச்சு நம்மிடையே வருகிறது. அதைத் தொட்டு, “போலீஸில் கழித்த பிஸ்டல் மலிவாகக் கிடைக்குமாமே” என்ற கேள்வியும் வருகிறது. ராணுவத் தொழிற்சாலைகளும் சிறப்புக் காவல் படை முகாமும் உள்ள ஆவடிப் பக்கத்தில் இப்படி ஒருவன் சொன்னால் எளிதில் நம்பிவிடுவோம். ஆகவே இதைச் சற்று விளக்கமாக எழுதுகிறோம்.

வெளிநாட்டில் உண்டு, இங்கே இல்லை

அமெரிக்காவில் போலீஸ் இலாகாக்கள் புதிய துப்பாக்கி வாங்கும்போது பழையதைக் கடைக்காரரிடமே மாற்றிக் கொடுப்பது வழக்கம். நாம் பழைய கிரைண்டரைக் கொடுத்துப் புதியது வாங்குவது போலத்தான். அந்தப் பழையவை பிறகு பொதுமக்களுக்கு மலிவாக விற்கப்படுகின்றன. வெளிநாட்டு உறவினர் சொல்லக் கேட்பதும், செல்போனில் பார்ப்பதும் இந்தக் கதைதான்.

நம் நாட்டில் அப்படி இல்லை. போலீசார் இடுப்பில் வைத்திருப்பது பெரும்பாலும் 9 மி.மீ. பிஸ்டல்; முன்பு .380, .455 ரிவால்வர்கள் இருந்தன. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டமும் அதன் விதிகளும் இந்த அளவுகளைத் தடை செய்யப்பட்ட ரகத்தில் வைத்திருக்கின்றன. கலெக்டரோ கமிஷனரோ கொடுக்கும் சாதாரண லைசென்ஸுக்கு இவை கிடைக்கா. நம்மைப் போன்றவர்கள் வாங்கக்கூடிய கைத்துப்பாக்கி என்றால் முக்கியமாக .32 அளவுதான்.

ஆகவே, “இது போலீஸ் பிஸ்டல், ஸ்டோரிலிருந்து வந்தது” என்று ஒருவன் காட்டினால் இரண்டில் ஒன்றுதான். ஒன்று, அது திருட்டுச் சரக்கு; அல்லது முத்திரை குத்திய நாட்டுத் துப்பாக்கி. 2019-ம் ஆண்டு திருத்தத்திற்குப் பிறகு, தடை செய்யப்பட்ட ஆயுதம் கையில் இருந்தாலே 7 முதல் 14 ஆண்டு வரை சிறை. சாதாரண ரகமாக இருந்து லைசென்ஸ் இல்லாவிட்டாலும் 2 முதல் 5 ஆண்டு. மலிவுக்கு ஆசைப்பட்டு வாங்கினால் கடையையே இழுத்து மூட வேண்டியதாகிவிடும்.

சட்டப்படி பழையது வாங்கும் வழி

லைசென்ஸ் உள்ளவர்கள் பழைய .32 துப்பாக்கி வாங்கத் தடை இல்லை. அதற்கும் முறை உண்டு.

1. முதலில் நம் பெயரில் லைசென்ஸ் வேண்டும். போலீஸ் கமிஷனர் உள்ள பகுதியில் அவரே உரிமம் வழங்கும் அதிகாரி என்கிறது சட்டம். மற்ற இடங்களில் கலெக்டர். 2022 ஜனவரி முதல் ஆவடிக்குத் தனிப் போலீஸ் கமிஷனரகம் வந்துவிட்டது. ஆகவே திருவள்ளூருக்கு அலைவதற்கு முன் கமிஷனர் அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது. வயது 21 நிறைந்திருக்க வேண்டும். 2016-ம் ஆண்டு விதிகளின்படி துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளும் பயிற்சியும், பூட்டி வைக்கும் ஏற்பாடும் தேவை. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. சிறு வியாபாரிகள் இதை அறிந்திருக்க வேண்டும். மறுத்தால் அப்பீலும் உண்டு.

2. லைசென்ஸ் வைத்திருக்கும் இன்னொருவரிடமிருந்து நேராக வாங்குவதானால், விற்பவர் தம் எண்ணத்தை அதிகாரிக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ எழுத்து மூலம் தெரிவித்து, 45 நாள் கழிந்த பிறகே கைமாற்றலாம். “இன்று பணம், இன்று பொருள்” என்பது இதில் கிடையாது. அவசரப்படுத்துபவனிடம் விலகி நில்லுங்கள்.

3. உரிமையாளர் காலமானால் துப்பாக்கி கடையைப் போலப் பிள்ளைக்குத் தானாக வந்துவிடாது. காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும். அப்படி டீலரிடம் வந்து சேரும் துப்பாக்கிகளே வாங்குவதற்குத் தொல்லையில்லாதவை. ரசீது முறையாக வரும். பழுதும் அங்கேயே பார்த்துவிடலாம்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பழைய தராசு வாங்கினால் முத்திரை பார்ப்போம் அல்லவா? இதில் முதலில் நம்பர் பார்க்க வேண்டும். துப்பாக்கியில் உள்ள நம்பரும் விற்பவர் லைசென்ஸில் உள்ள நம்பரும் ஓர் எழுத்து கூட மாறக் கூடாது. லைசென்ஸில் தேசியப் பதிவின் தனி அடையாள எண்ணும் இருக்க வேண்டும். நம்பர் அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தால் தொடவே வேண்டாம். அழித்தவன் யாராக இருந்தாலும் வைத்திருப்பவன் தலையில்தான் வந்து விழும்.

அடுத்தது உள்பக்கம். உறையில் வைத்து எடுத்ததால் வெளிப்பூச்சு தேய்ந்திருப்பது பெரிய குறையல்ல. அதிகம் சுமந்து, குறைவாகச் சுட்ட துப்பாக்கி வெளியே பழசாகவும் உள்ளே நன்றாகவும் இருக்கும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் துருவே பெரிய எதிரி. டீலர் தோட்டாவை நீக்கிக் காட்டிய பிறகு, குழலின் உள்ளே வெளிச்சம் விட்டுப் பாருங்கள். சிறு சிறு குழிகள் தெரிந்தால் துரு தின்றிருக்கிறது என்று பொருள். தோட்டா அடுக்கும் மேகசினின் வாய் வளைந்திருக்கிறதா, ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மக்கர் செய்தால்

பிஸ்டல் இடையில் சிக்கிக்கொண்டால் பெரும்பாலும் குற்றம் மேகசினில் இருக்கும். அடுத்தது பழந்தோட்டா. அதற்கடுத்தது அழுக்கும் உறைந்த எண்ணெயும். தேங்காயெண்ணெய் போடவே கூடாது, அது பிசினாகிவிடும். தோல் உறையிலேயே வைத்துப் பூட்டினாலும் தோல் ஈரத்தைப் பிடித்துத் துரு ஏற்றும்.

பயிற்சியில் விசையை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் உடனே திருப்பிப் பார்க்கக் கூடாது. சில சமயம் தோட்டா தாமதித்து வெடிக்கும். அரை நிமிடமாவது குழலை இலக்கின் பக்கமே வைத்திருக்க வேண்டும். சத்தம் வழக்கத்தைவிடச் சன்னமாக வந்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். ரிப்பேர் எதுவானாலும் லைசென்ஸ் பெற்ற டீலரிடம்தான். லேத்துப் பட்டறையில் கொடுத்தால் கொடுத்தவருக்கும் செய்தவருக்கும் வழக்கு.

தேர்தல் வரும்போது துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். ரசீது வாங்குங்கள். திரும்பி வரும்போது துரு பார்த்து வாங்குங்கள்.

வாங்கத்தான் வேண்டுமா?

கடைசியாக ஒன்று. லைசென்ஸ் நம் பெயருக்கு மட்டுமே. அதில் பெயர் இல்லாத கணக்குப்பிள்ளையிடமோ மகனிடமோ கொடுத்தனுப்பினால் குற்றம். பணத்தோடு வழியில் வருபவர் பெரும்பாலும் அவர்கள்தாமே? தற்காப்பு உரிமையைச் சட்டம் தருகிறது. 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. ஆனால் தேவைக்கு மேல் போகக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. பையைப் போட்டுவிட்டு ஓடுபவனைச் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று கோர்ட்டில் நிற்பது எளிதல்ல.

துப்பாக்கி வாங்கும் பணத்தில் நல்ல கேமரா, உறுதியான ஷட்டர் பூட்டு, தரையில் பதித்த இரும்புப் பெட்டி எல்லாம் வாங்கிவிடலாம். வசூலுக்கு இருவராகப் போவது, ஒரே நேரத்தில் ஒரே வழியில் போகாதிருப்பது, பகலிலேயே பணத்தை வங்கியில் கட்டிவிடுவது ஆகியவற்றுக்குச் செலவே இல்லை. இவை எல்லாம் செய்த பிறகும் உயிருக்கு உண்மையான மிரட்டல் இருக்கிறது என்பவர்கள் காவல் நிலையத்தில் புகாரை எழுத்தில் கொடுத்து ரசீது பெற்று, அதோடு லைசென்ஸுக்கு மனுச் செய்யலாம். மற்றவர்கள் “போலீஸ் பழைய பிஸ்டல்” என்று எவன் வந்தாலும், விலை கேட்காமலே அனுப்பிவிடுவது நம் கடைக்கும் குடும்பத்துக்கும் நல்லது.